பயனர் ஒன்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு பொத்தானிலிருந்து கிடைத்தது. கைபேசித் திரையில் நீல நிறத்தில், நடுவில் விசிறிப் படம் போட்ட பொத்தான். ஒரு மதியம் அதை மூன்று முறை அழுத்தினேன். அழுத்தியது அன்பிலா ஆத்திரத்திலா என்று எனக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அதைவிட முக்கியமாகத் தெரிய வேண்டும். அவரைக் கேட்க வழியில்லை. அவர் காணாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

யாரோ சொல்லிக் கேட்ட கதை என்று ஆரம்பித்துப் பார்த்தேன். பல் டாக்டர் அறைக்கு வெளியே, முகம் வீங்கிய ஒரு பெண் என்னிடம் சொன்னதாக. மூன்றாவது வரியிலேயே அவள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டேன்.

நான் கையேடு எழுதிப் பிழைப்பவள். துணி துவைக்கும் இயந்திரம், மிக்சி, தண்ணீர் சூடாக்கும் கருவி. ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்று எங்காவது படித்திருந்தால் அது என் கைவேலையாக இருக்கலாம். அவ்வப்போது கதையும் எழுதுவேன், ஒரு மாதப் பத்திரிகையில் வரும். எண் போட்டு எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

(அ) ‘வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது, அவள் ஜன்னலிலிருந்து…’ இல்லை. நான் ஜன்னலுக்கே போகவில்லை. சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் காதில் விழட்டும் என்று.

(ஆ) ‘நான் ஒரு கார். எனக்கு எல்லாம் தெரியும்.’ இப்படி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது பயமாக இருந்தது, ஏனென்றால் பொய் மாதிரியே இல்லை. கிழித்துப் போட்டேன்.

(இ) வண்டியிலிருந்து தொடங்குவது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் வாங்கியது இன்னொருவர் ஓட்டிய மின்சார வண்டி. பேட்டரி கொஞ்சம் வயதானது, முழுக்க ஏற்றினாலும் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்தான் காட்டும். தொடுதிரையின் இடது கீழ் மூலை செத்துப் போயிருந்தது. ஏசி பொத்தான் சரியாக அந்த மூலையில்தான் இருந்தது. திரையை மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓட்டினோம். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாலும் ஏசியைக் கைபேசிச் செயலியில்தான் போட வேண்டும். செயலியில் யார் எதைப் போட்டார் என்று மணி, நிமிடத்தோடு பதிவாகும். அவர் பயனர் 1. நான் பயனர் 2.

[குறிப்பு: அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மற்றவர்கள் மாட்டிக்கொண்டு கதறும் இடத்தில் நிதானமாக நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.]

நாங்கள் ஊர் சுற்றுகிற விதமே வேறு மாதிரி. எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். நாங்கள் எங்கே சார்ஜர் இருக்கிறது, அது வேலை செய்கிறதா, பக்கத்தில் கழிப்பறை உண்டா என்று விசாரிப்போம். சார்ஜ் ஏறும் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் எங்களுக்கு மட்டும் சொந்தமான நேரம். மாவரைக்கும் ஆலைக்குப் பின்னால், மூடிய திரையரங்கின் வாசலில், பந்து விளையாடும் மைதானத்தின் ஓரத்தில் என்று எத்தனையோ இடங்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்த்துக்கொண்டே போக வேண்டும். சட்டம் போட்டது அவர், காவல் காத்தது நான்.

3

அன்றைக்குக் காலை நடந்த சண்டையைச் சுருக்கமாக எழுதப் போகிறேன். விரித்து எழுதினால் என் பக்கம் நியாயம் சேர்ந்துவிடும்.

கடற்கரையில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்க இரண்டு நாள் பயணம் போவதாக இருந்தோம். வேகம் எழுபதைத் தாண்டாதீர்கள், வழியில் வரும் முதல் சார்ஜரிலேயே முழுக்க ஏற்றுங்கள் என்று கிளம்பும் முன்பே நான் பாட ஆரம்பித்துவிட்டேன். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“நீ பக்கத்துல உக்காந்தா நான் வண்டி ஓட்டல. பரீட்சை எழுதுறேன்.”

“அப்ப தனியாவே போங்க. நிம்மதியா போயிட்டு வாங்க.”

போய்விட்டார். நான் சொன்னதில் ‘வாங்க’ என்ற சொல்லும் இருந்தது என்று பிறகு பல நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வேலையில் உட்கார்ந்தேன். ஒரு குக்கருக்கு எச்சரிக்கைகள் எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை, செயலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தாலும் கண் அங்கேதான் போகும். பதிவில் இருப்பதை அப்படியே தருகிறேன், ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

12.50 — வண்டி நின்றது. பேட்டரி 14 சதவீதம். சார்ஜர் இணைக்கப்படவில்லை. கதவுகள் பூட்டப்பட்டன.
1.05 — உள் வெப்பம் 46 டிகிரி. ஏசி இயக்கம்: பயனர் 2.
1.25 — ஏசி இயக்கம்: பயனர் 2.
1.45 — ஏசி இயக்கம்: பயனர் 2.

[இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடும் ஏசி அது. அதனால்தான் மூன்று முறை.]

அவர் நின்ற இடம் வெட்டவெளி. காற்றாலைகளும் முள்புதரும் தவிர வேறு ஒன்றும் இல்லாத சமவெளியில் இரண்டு சார்ஜர்கள். ஒன்றில் திரை இருட்டு, இன்னொன்றில் செம்புக்காக யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது இவ்வளவு: பதினான்கு சதவீதம், சார்ஜ் ஏறவில்லை, அவர் வண்டியில் இல்லை.

இனி அவளைப் பார்ப்போம். அவள் என்று எழுதினால்தான் என்னால் பார்க்க முடிகிறது. முதல் முறை அவள் அழுத்தியது அன்பால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் எங்கேயோ போயிருக்கிறார், திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது சில்லென்று இருக்கட்டும், யார் போட்டது என்று தெரிந்து கொஞ்சம் மனம் இளகட்டும். சமாதானக் கொடி அது. இரண்டாம் முறை அழுத்தும்போது பேட்டரி பன்னிரண்டு. சட்டம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. சார்ஜருக்குப் பக்கத்தில்தானே நிற்கிறார், எப்படியும் ஏற்றிக்கொள்வார் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் முறை அழுத்தும்போது பத்து. அப்போது அவள் நினைத்தது —

மூன்றாம் முறை அழுத்தியவளை எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் என் முகம் எப்படி இருந்தது என்று கண்ணாடியில் பலமுறை வரவழைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அது சிரித்தது.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காற்றாலை அலுவலகத்துக் காவலாளி. அவரைக் கடைசியாகப் பார்த்த மனிதர்.

போலீசிடம் காவலாளி சொன்னதை வைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். லிஃப்ட் நிறுவனச் சட்டை போட்ட ஒருவர் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்தாராம். வண்டிக்கு ஒரு பிளக் கிடைக்குமா என்று கேட்டாராம். அங்கே வண்டியைக் கொண்டுவரப் பாதை கிடையாது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். அடுத்த சார்ஜர் இருபத்துநாலு கிலோமீட்டர், கையிருப்பு பதினான்கு சதவீதம், மெதுவாகப் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் காவலாளிக்கே பாடம் நடத்திவிட்டுக் கிளம்பினாராம். பேச்சில் அவசரம் இல்லை, வருத்தமும் இல்லை.

அவர் பேசுவது அப்படியே என் காதில் கேட்கிறது. அதனால்தான் சந்தேகம். எனக்காகவே சொன்ன மாதிரி அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. காவலாளியை நேரில் பார்க்க ஒருமுறை கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். அவர் அப்படி ஒரு ஆளே வரவில்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

மீதிப் பதிவு:

2.31 — வண்டி புறப்பட்டது. பேட்டரி 8 சதவீதம்.
2.40 — ஏசி இயக்கம்: பயனர் 1.
2.55 — பேட்டரி 0. வண்டி நின்றது.
3.04 — கதவுகள் பூட்டப்பட்டன.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது கிலோமீட்டர் பாக்கியிருக்க, சாலையோரம் ஒழுங்காக நிறுத்திப் பூட்டிய வண்டியை மறுநாள் கண்டுபிடித்தார்கள். ஒன்பது நாள் தேடினார்கள், பழைய கல்குவாரித் தண்ணீரில்கூட ஆள் இறக்கினார்கள். செருப்பு இல்லை, பை இல்லை, கைபேசி இல்லை. எங்கு பார்த்தாலும் வெறும் தரை, ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது.

இப்போது இரண்டு நாற்பதைப் பாருங்கள். நான் பதினோரு மாதமாக அதைத்தான் பார்க்கிறேன். அவர் திரும்பி வந்து கதவைத் திறக்கிறார். உள்ளே இன்னும் மிச்சக் குளிர். பேட்டரி பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. செயலியைத் திறக்கிறார், பயனர் 2 என்று மூன்று முறை. கிளம்புகிறார். ஒன்பது நிமிடம் ஓட்டியபின், எந்த நிலையிலும் சட்டத்தை மீறாத மனிதர், எட்டு சதவீதத்துக்கும் கீழே ஏசியைப் போடுகிறார்.

ஏன்? இது எனக்குச் சொன்ன பதில். நீ கொடுத்த குளிரிலேயே போகிறேன் என்கிறார். சில நாள் அது எனக்கு மன்னிப்பாகக் கேட்டது. சில நாள், ‘நிம்மதியா போகச் சொன்னியே, போறேன் பாரு’ என்று கேட்டது. எதுவானாலும் எனக்கென்று சொன்னது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன்.

5

வண்டியைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்து எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்தினார்கள். ஓட்ட மனம் வரவில்லை. பேட்டரி வீணாகிவிடக் கூடாதே என்று சுவர்ப் பிளக்கில் மட்டும் மாட்டி வைத்தேன்.

மூன்றாவது வாரம் காவலாளி மாடியேறி வந்தார். [இது எங்கள் குடியிருப்புக் காவலாளி. இவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, இவர் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.] தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“மேடம், வண்டிக்குள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?”

இறங்கிப் போனேன். ஆள் இல்லை. விசிறி ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. கண்ணாடிகளின் ஓரத்தில் பனி பூத்திருந்தது. வண்டியின் அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. செயலியைத் திறந்தேன். 2.40. ஏசி இயக்கம்: பயனர் 1.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். அவ்வளவு சில்லென்று இருந்தது. சரியாக இருபது நிமிடத்தில் விசிறி நின்றது. நிற்கும்போது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லா ஏசியும் நிற்கும்போது அப்படித்தான் சத்தம் போடும், அதைப் பற்றிக் கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். போலீசில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஆராய்வார்கள், ஆராய்ந்தால் நின்றுவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. தினம் மதியம் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியோடு இறங்கிப் போய்ப் பின் இருக்கையில் உட்கார ஆரம்பித்தேன். இந்தக் கதையின் முக்கால் பங்கு அங்கேதான் எழுதியது. பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். பயமாகத்தான் இருந்தது. முன் இருக்கையின் தலைசாயும் பகுதியை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். ஆனால் பயமும் ஒரு துணை என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

கதையை இங்கே முடிப்பதாகத்தான் இருந்தேன். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு அதே சாலையில் போகிறாள், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, யாரோ பக்கத்துக் கதவைத் திறக்கிறார்கள். இரண்டாவதில் பிளக்கைப் பிடுங்குகிறாள், பேட்டரி தினமும் இரண்டு சதவீதம் இறங்குகிறது, அவள் எண்ணுகிறாள். மூன்றாவதில் —

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்துவிட்டார்.

6

அண்ணி என்றால் அவருடைய அக்கா. மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். பொய்ப் பல் செய்யும் கூடத்தில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அவன் கிளம்பும்போது என்ன சொன்னான் என்று ஒருமுறை கேட்டார். போயிட்டு வரேன்னு சொன்னார் அண்ணி என்றேன். மூன்று முறை அழுத்தியதைப் பற்றி அவருக்குத் தெரியாது. சார்ஜர் கெட்டுப்போனதால் வண்டி நின்றது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கதை.

வண்டியை விற்றுவிடச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மறுப்புகூடத் தயாராக வைத்திருந்தேன். அவரோ வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன். கூரையைத் தடவிக்கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. பைத்தியம்னு நினைக்காத. மத்தியானத்துல நான்தான் இதுக்கு ஏசி போட்டு விடுறேன்.”

அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். அதே நீலப் பொத்தான், அதே விசிறி. ஒன்றரை வருடம் முன்பு அவருக்கு இரண்டு வாரம் வண்டி தேவைப்பட்டபோது தம்பி தன் கணக்கிலேயே அவர் கைபேசியில் செயலியைத் திறந்து கொடுத்திருக்கிறார். வண்டி திரும்பி வந்துவிட்டது. செயலியை யாரும் அகற்றவில்லை. அதில் அவரும் பயனர் 1.

“பல் செட்டைச் சூளையில வச்சுட்டு உக்காருவேன். அப்ப மணி ரெண்டரை ஆயிருக்கும். சூளை பக்கத்துல உக்காந்தா அவன் நினைப்பு வந்துரும். அவனுக்கு வேர்வை ஆகாது, சின்னப் புள்ளைல இருந்தே. எங்க இருக்கானோ, எந்த வெயில்ல இருக்கானோன்னு தோணும். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? இத அழுத்துவேன்.”

அழுதார். நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது வேறு விஷயத்துக்கு. பின் இருக்கையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் இறங்கிப் போய்விட்டார். இத்தனை நாளும் எனக்குத் துணையிருந்தது பல் கூடத்தில் ஒரு அக்காவின் கட்டைவிரல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இன்னொன்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“அவன் இருக்கும்போதே போடுவேன்மா. தூரமா போறேன்னு போன் பண்ணினா, மத்தியானத்துல போட்டு விட்டுருவேன். வண்டிக்கே என்மேல பாசம் அக்கான்னு சிரிப்பான். நான் காட்டிக்கமாட்டேன்.”

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அரை நிமிடம் ஆனது.

தூரப் பயணம். மதியம். இரண்டு நாற்பது. பயனர் 1.

அன்னைக்கும் போட்டீங்களா அண்ணி? என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று முழுங்கினேன். கேட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்வார். ஏன் கேட்கிறாய் என்பார். எட்டு சதவீதத்தில் போன வண்டியை இன்னும் சீக்கிரம் நிறுத்தியது தன் விரல் என்று அவருக்குப் புரியும். எனக்கோ, அவர் கடைசியாக எனக்கு எதுவுமே சொல்லவில்லை என்று புரியும். மன்னிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. ஏசி தானாக ஓடுவதைப் பார்த்து, அதுவும் என் வேலைதான், நான்காவது தடவை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.

“இனிமே அழுத்தலம்மா. அழிச்சிடவா?” என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணி. போட்டுக்கிட்டே இருங்க,” என்றேன்.

7

ஒரு சின்ன விஷயம் மிச்சமிருக்கிறது. கதையை இன்னும் நன்றாக முடிக்கத் தெரிந்தவர்கள் இதை எழுதியிருக்கமாட்டார்கள்.

பேருந்து ஏறும்போது அண்ணி சொன்னார், தினமும் எல்லாம் போடுவதில்லையாம். சூளை வேலை இருக்கும் நாளில் மட்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. நடுவில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரம் கைபேசியையே தொடவில்லையாம். வீட்டுக்கு வந்து பதிவைப் புரட்டினேன். ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அந்த மூன்று வாரமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன.

அண்ணிக்கு நினைவு தப்பியிருக்கலாம். செயலியில் கோளாறு இருக்கலாம். ‘கோளாறு இருந்தால் சேவை மையத்தை அணுகவும்’ என்று ஆயிரம் தடவை எழுதிய கை இது. அணுகவில்லை.

8

முடிவு எழுத வேண்டிய இடம் இது. என்னால் முடியவில்லை, ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணி நான் எழுதியது எதையும் விட்டதில்லை. கதையை மட்டும் அல்ல, துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைக்கூட முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு நல்லா இருக்கும்மா என்று சொன்னவர். இந்தக் கதை அச்சில் வந்தால் படிப்பார். நான் வாயால் கேட்காத கேள்வியை எழுத்தில் கேட்டுவிட்டேன் என்று ஆகும். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை என்பதெல்லாம் மற்றவர்களுக்கான திரை. அவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். கேட்காமல் இருந்தாலோ, அழுத்தியதை யாரிடமும் சொல்லாத பெண்ணாகவே நான் அவர் மடியில் தலைவைத்து அழுதுகொண்டிருக்க வேண்டும்.

பதினோரு நாளாக இதை உறையில் போட்டு, ஒட்டாமல், மேசையில் வைத்திருக்கிறேன். அனுப்பினேனா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், இதைப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்.

படிப்பது நீங்களாகவே இருந்தால், அண்ணி, முதல் மூன்றும் நான். காலையில் சண்டை போட்டதும் நான்தான். நான்காவது யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் அழுத்தியதாகவே இருந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள். உங்களையும் என்னையும் விட்டால் அவருக்கு வேறு யாரும் இல்லை. அந்த ஒன்றையாவது அவரே போட்டதாக வைத்துக்கொள்வோம்.